படுத்த எட்டும் அஞ்சலையின் முகமும்

என் ஆசை மச்சான் காதருக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகுது. இத்தனை நாளும் உன்கிட்டச் சொல்ல அழுகையைத் தவிர என்கிட்ட ஒண்ணுமில்லை. இன்னிக்கு இருக்குடா. கை பரபரக்குது.

மந்தாரக்குப்பத்துல நாம ஸ்டுடியோ போட்ட நாள்லேர்ந்து நமக்குள்ள ஒரே சண்டைதானே? நிலக்கரிச் சுரங்கத்துல நிக்கிற தூரத்து மிஷின் படத்துல தெளிவா விழணும்னா, முடிவில்லாத தூரத்தைக் குறிக்கிற அந்தப் படுத்த எட்டுக்கு லென்ஸைத் திருப்பணும். அப்போ முன்னால நிக்கிற ஆள் மங்கிடுவார். ஆளைப் பிடிச்சா மிஷின் பஞ்சாயிடும். ரெண்டும் கேட்டா பேராசைன்னு நீ சொல்லுவே.

போன மாசம் அஞ்சலைன்னு ஒரு பொண்ணு வந்தா. புருஷன் சுரங்கத்துல மண்ணை வாரிக் கொட்டுற பெரிய மிஷின் ஓட்டுறார், இப்பதான் பெர்மனென்ட் ஆச்சாம். அவரை விரும்பிக் கட்டிக்கிட்டதால, சேத்தியாத்தோப்புல இருக்கிற அவ அப்பா பேச்சையே விட்டுட்டார். கூலிக்காரனை நம்பிப் போனவள்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்காராம்.

"என் மூஞ்சியும் தெரியணும், அவரு ஓட்டிகினு இருக்கிற மிஷினும் தெரியணுங்க. ஒண்ணு மங்கினாலும் எங்கப்பா நம்பமாட்டாரு."

முடியாதுன்னு சொல்ல வாய் வரலை. ஞாயித்துக்கிழமை வரச் சொல்லிட்டு லென்ஸும் கையுமா உக்காந்தேன். லென்ஸ் மேல தூரத்தைக் காட்டுற நடுக்கோட்டுக்கு ரெண்டு பக்கமும் 4, 8, 16னு ஒரே எண்கள் இருக்குமே, அழகுக்குப் போட்டதுன்னு விட்டோமே, அதுலதான்டா விஷயமே! வெளிச்சம் நுழையுற துவாரத்தை 16க்குச் சுருக்கினா, அந்தப் பக்கத்து 16 காட்டுற தூரத்துலேர்ந்து இந்தப் பக்கத்து 16 காட்டுற தூரம் வரைக்கும் எல்லாம் தெளிவு. படுத்த எட்டை நடுக்கோட்டுல வெச்சா, பாதித் தெளிவு அதுக்கும் அப்பால போயிடுது. அங்கே படம் பிடிக்க என்ன இருக்கு?

எட்டை ஒரு பக்கத்து 16க்கு நகர்த்தினேன். மறுபக்கத்து 16 பன்னிரண்டு அடியில வந்து நின்னுது. நடுக்கோடு காட்டுற இடத்துல யாருமே நிக்கப்போறதில்லை. ஆனா பன்னிரண்டு அடியிலேர்ந்து அடிவானம் வரைக்கும் நம்மளது! கடை வாசல் கம்பத்தையும் தூரத்துத் தண்ணித் தொட்டியையும் ஒண்ணா எடுத்துப் பார்த்தேன். ரெண்டும் கண்ணாடி மாதிரி. இருட்டறையில தனியா நின்னு சிரிச்சேன்.

ஞாயித்துக்கிழமை நல்ல வெயில். சுரங்கத்து விளிம்புல, பன்னிரண்டு அடிக்குக் கொஞ்சம் தள்ளி அஞ்சலை. அவளுக்குப் பின்னால, எங்கேயோ பள்ளத்துல, மிஷின். ஃபிலிமைக் கழுவுறப்போ மிஷினோட இரும்புக் கையும் வந்துது, அவ மூக்குத்தியும் வந்துது.

படத்தை அப்பாவுக்கு அனுப்பினா. நேத்து அவர் பஸ் ஏறி வந்துட்டார். அவரை அஞ்சலை நம்ம கடைக்கே கூட்டிக்கிட்டு வந்தா. கையோட கொண்டுவந்த படத்தைக் கண்ணுக்கிட்ட வெச்சு ரொம்ப நேரம் பார்த்தவர், மெதுவாக் கேட்டார்: "இதுல மாப்பிள்ளை எங்கம்மா குந்திகினு இருக்காரு?"

மாப்பிள்ளைங்கிற அந்த வார்த்தையை அவர் வாயால அவ கேட்டதே இல்லை. மிஷின் மேல விரலை வெச்சுக் காட்டினா. நான் கேமராவைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கிட்டேன். அங்கேயிருந்து நீ பார்த்தியாடா?

ஒண்ணு மட்டும் உனக்குச் சொல்றேன், காதர். எந்தக் கல்யாண வீட்டுக்குப் படமெடுக்கப் போனாலும், கடைசி வரிசையில ஒதுங்கி நிக்கிற முகத்தை இனி நான் மங்க விடமாட்டேன்.

என்னைக்கும் உன் மச்சான்,
கோவிந்தன்