சிவப்பு மையில் மிக நன்று

இஞ்சாருங்கோ,

இன்று காலை பிட்டுக்கு மா எடுக்கப் போனவள், பழக்கத்தில் கிண்ணத்தைத் தராசில் வைத்துவிட்டேன். எண்பது கிராம் வந்ததும் கை தானாக நின்றது. அது என்னுடைய அளவில்லை, உங்களுடையது. நீங்கள் போய் ஒன்றரை வருசமாகிறது. இந்த வீட்டில் சமைப்பதும் நான், சாப்பிடுவதும் நான். ஆனாலும் கை இன்னும் உங்களுக்குத்தான் நிறுக்கிறது. மாவைத் திரும்பப் பேணிக்குள் கொட்டிவிட்டு, வெறும் தேநீரைக் குடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

உங்களுக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்த அன்று, பத்துக் கிலோ குறைத்தால் முழங்கால் நோவும் குறையும் என்றார் கிளினிக் டொக்டர். அப்போது நீங்கள் தொண்ணூற்று நாலு. திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டே, "நீர் கணக்கு ரீச்சர்தானே. என்ரை வயித்தையும் ஒருக்காக் கணக்குப் பாருமன்" என்றீர்கள். பகிடிக்குச் சொன்னது. பகிடியைப் பகிடியாக எடுக்கத் தெரியாத பிறவி நான். நீர்வேலிச் சந்தியிலேயே இறங்கி கணக்கு எழுத ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி வாங்கினேன்.

போனில் இறக்கிய கலோரிச் செயலிக்கு இட்டலி தெரிந்தது, தோசை தெரிந்தது. ஒடியற் கூழைக் கேட்டால் ஏதோ சூப்பைக் காட்டியது. அதை நம்பிப் பயனில்லை என்று நானே அட்டவணை போட்டேன். மா எத்தனை கிராம், தேங்காய்ப்பூ எத்தனை கரண்டி, எல்லாவற்றுக்கும் கலோரி. நீங்கள் பக்கத்தில் இருந்து வழக்காடினீர்கள்.

"சொதி தண்ணிதானே. அதுக்கும் எழுதுவீரோ?"

"முதற்பால் விட்டா எழுதுவன்."

"என்ரை தோட்டத்துக் கதலிப்பழத்துக்குமோ?"

"உங்கடை தோட்டமெண்டு அது கலோரியைக் குறைச்சுக் காய்க்கிறேல்லை."

அதைக் கேட்டு நீங்கள் சிரித்த சிரிப்பு இந்தக் குசினிக்குள் கடைசியாகக் கேட்டது அந்த மாதங்களில்தான்.

முதல் மூன்று மாதம் நிறை அசையவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் தராசில் ஏறி நிற்பீர்கள், நான் குனிந்து வாசிப்பேன். வீட்டில் இவ்வளவு அளந்து கொடுத்தும் ஏன் இப்படி என்று எனக்குக் கோபம் வரும். பிறகு ஒரு ஞாயிறு ஒரு கிலோ குறைந்தது. அடுத்த ஞாயிறு இன்னொன்று. பிள்ளைகளின் கொப்பி திருத்தும் சிவப்புப் பேனையை எடுத்து, நிறைக்குப் பக்கத்தில் "நன்று" என்று எழுதினேன். எண்பத்தைந்துக்கு இறங்கியபோது "மிக நன்று". நீங்கள் இடுப்புப் பட்டியில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டு, புதுமாப்பிள்ளை மாதிரித் தோட்டத்துக்குப் போனீர்கள்.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, உப்பிடி வாடிப்போனாய்? உடம்புக்கு ஏதுமோ?" என்று கேட்டா. எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை மாதம் நான் பட்ட பாடு இவவுக்கு வாட்டமாகத் தெரிகிறதா? நாவூறு என்று முடிவு கட்டினேன். செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து உங்கள் தலையைச் சுற்றி நெருப்பில் போட்டேன். கமறல் வரவில்லை. கமறாவிட்டால் நாவூறு பட்டிருக்கிறது என்றுதானே நம் ஆட்கள் சொல்லுவார்கள். "பாத்தியளோ, எவ்வளவு கண்ணெண்டு" என்றேன். உங்களைப் பார்த்து முதன்முதலில் உண்மை சொன்ன மனிசி அவ. அந்த உண்மையைத்தான் நான் மிளகாயோடு சேர்த்துக் கொளுத்தினேன்.

பிறகு உங்களுக்குப் பசி குறைந்தது. கோப்பையில் பாதிப் பிட்டை அப்படியே விடுவீர்கள். வயிறு சுருங்கிவிட்டது, இனிக் கவலையில்லை என்றேன். விட்ட மிச்சத்தை நிறுத்து, அன்றைய கூட்டுத்தொகையிலிருந்து கழித்தும் எழுதினேன். அவ்வளவு சுத்தமான கணக்கு.

அந்த மத்தியானம் மட்டும் எனக்கு ஒரு சொல் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. திருநெல்வேலிச் சந்தைக்கு வாழைக்குலை கொடுத்துவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் இருந்து, கொப்பியை உங்கள் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னீர்கள்:

"இஞ்சேரும், ஒண்டு சொல்லுறன், கோவிக்கக் கூடாது. துவக்கத்திலை இருந்து நான் நாளுக்கு ரண்டு வடை தின்னிறனான், சந்தையடிக் கடையிலை. உந்தக் கொப்பியிலை அது ஒண்டும் இல்லை. வீட்டிலைதான் பசிக்குதில்லை, வடை மட்டும் இறங்குது. அப்பிடியும் ஏன் இவ்வளவு குறையுதெண்டுதான் எனக்கு விளங்கேல்லை."

உங்களுக்கு விளங்காததை நீங்கள் என்னிடம் கொண்டுவந்து வைத்தீர்கள். விளங்கப்படுத்த வேண்டியவள் நான். விடை சரியாக வந்தாலும் செய்கையைப் பார்க்காமல் சரி போடமாட்டேன் என்று வகுப்பில் பெயரெடுத்தவள். எனக்கோ அதில் இரண்டு வடையும் களவும் மட்டும்தான் கேட்டது. ஒரு வடை நூற்று முப்பது என்று போட்டு, பிழையான பக்கங்களையெல்லாம் திருப்பித் திருப்பிக் கூட்டினேன். உங்களோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் குசினி வாசலில் வந்து நின்று, "இன்னும் கதைக்கமாட்டீரோ?" என்று கேட்டீர்கள்.

"குறைச்சுக் காட்டுங்கோ, பிறகு கதைக்கிறன்" என்றேன்.

வந்த ஞாயிறு இரண்டு கிலோ குறைத்துக் காட்டினீர்கள். நான் கதைத்தேன். சிவப்புப் பேனையாலும் எழுதினேன்.

கண் மஞ்சளான பிறகுதான் யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரிக்குப் போனோம். எப்போதிருந்து மெலிகிறார் என்று அந்த இளம் டொக்டர் பிள்ளை கேட்டாள். நான் கொப்பியை நீட்டினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது, அந்த நேரத்திலும் எனக்குள் கொஞ்சம் பெருமை இருந்தது. அவள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். என் சிவப்பு எழுத்துகளை வாசித்தது அவளுடைய முகத்திலேயே தெரிந்தது. "இவ்வளவு விபரமா ஒருத்தரும் கொண்டுவாறேல்லை, அம்மா" என்று மெல்லமாகச் சொன்னாள். கணையத்தில் புற்றுநோய் என்று அடுத்த கிழமை சொன்னார்கள். ஈரலுக்கும் போய்விட்டது என்றார்கள்.

இனி எதைக் கேட்டாலும் கொடுங்கள் என்று வீட்டுக்கு விட்டார்கள். கொடுக்க என்னிடம் எல்லாம் இருந்தது, கேட்கத்தான் உங்களிடம் ஒன்றும் இல்லை. வடை சுட்டுக் கொண்டுவந்தேன், மணத்துக்கே முகத்தைத் திருப்பினீர்கள். மூன்று கரண்டிக் கஞ்சி உள்ளே போனால் எனக்கு அது ஒரு நல்ல நாள். ஒருநாள் என் கையைப் பிடித்து, "உம்மிலை பிழையில்லை. கணக்குத்தான் உம்மடை, உடம்பு என்ரைதானே" என்றீர்கள். என்னைத் தேற்றச் சொன்னது என்று தெரியும். நான் தேறவில்லை. முந்தி வந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்திருக்க ஏலாது என்று டொக்டர்மாரும் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அந்த மாதங்களில் உங்களை ஆசைப்பட்டதைத் தின்னவாவது விட்டிருக்கலாம். கோபமில்லாமல் உங்களோடு கதைத்திருக்கலாம். அதற்கு டொக்டர் தேவையில்லையே.

எட்டாம் நாள், செத்தவருக்கு விருப்பமானதெல்லாம் சமைத்துப் படைக்கும் நாள். நான் ஒருவரையும் அடுப்படிக்குள் விடவில்லை. முதற்பாலில் சொதி, ஆட்டிறைச்சிக் கறி, மீன் பொரியல், பிட்டு. வடையை மட்டும் சந்தையடிக் கடையிலேயே வாங்கினேன், உங்கள் நாக்கு அறிந்த வடை அது. உங்கள் தோட்டத்து வாழையிலையில் எல்லாவற்றையும் பரிமாறி, விளக்கை வைத்து, வழமைப்படி கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றோம். நீங்கள் வந்து சாப்பிடுவதற்காக.

கதவைத் திறந்ததும் உங்கள் தங்கை, இலையில் சரிந்திருந்த பிட்டைக் காட்டி, என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பாருங்கோ மச்சாள், அண்ணை வந்து சாப்பிட்டிட்டுப் போட்டார்" என்று அழுதாள். வந்திருந்த சனமும் ஓம், ஓம் என்று தலையாட்டியது. எல்லோருக்கும் மனம் ஆறிப்போனது.

நான் பதினொரு வடை வைத்தேன். பதினொன்றும் இருந்தது. எண்ணாமல் வைத்திருந்தால் நானும் நம்பியிருப்பேன்.