கரடி எந்தப் பெட்டியில் தேடும்?

நாள் 188, காலை 9:10
செவ்வாய், தென்சரிவு நிலையம். எழுதுவது மங்கையர்க்கரசி, குழந்தை உளவியலாளர். கணவர் அறவாழி, பொறியாளர். மகள் நிறைமதிக்கு நான்கு வயது ஆகப்போகிறது. இங்கே வேறு ஆள் கிடையாது.

வழக்கமான சோதனை. கரடிப் பொம்மையின் கண்ணெதிரே பிஸ்கட்டைச் சிவப்புப் பெட்டியில் வைத்தோம். கரடியை வெளியே அனுப்பிவிட்டு நீலப் பெட்டிக்கு மாற்றினோம். கரடி வந்து எங்கே தேடும்? நீலத்தில் என்கிறாள். தனக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும் என்ற நினைப்பு. ஏமாற்றி விளையாட அண்ணன் தம்பி இருந்தால் சீக்கிரம் பிடிபட்டிருக்கும். இவளுக்கு யார் இருக்கிறார்கள்?

நாள் 196, மாலை 4:40
காற்றுச் சுத்திகரிப்பான் பழுது. அதைச் சரிசெய்ய வெளியே போன அறவாழி அதன் கோபுரத்தடியில் விழுந்துவிட்டார். அவர் மூச்சு நின்றதை வானொலியில் கேட்டேன். இருந்த ஒரே வெளியுடை அவர் உடம்பில் இருக்கிறது. போய்த் தூக்கி வரக்கூட வழியில்லை.

அப்பா வேலையாக இருக்கிறார், வந்துவிடுவார் என்று மகளிடம் சொன்னேன். கோபுரம் தெரியும் ஜன்னலின் திரையை இழுத்து மூடிவிட்டேன்.

நாள் 199, பகல் 1:00
பூமியிலிருந்து: “மீட்புக் கலம் வந்துசேர ஐந்து மாதம் ஆகும். காற்றைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும்.”

எங்களிடம் மூன்று வாரத்துக்குக் கூடக் காற்று இல்லை. சிக்கனமாம். சாப்பாட்டு வேளையில் அவருக்கும் ஒரு தட்டு வைக்கிறேன், மகள் நம்புவதற்காக.

நாள் 207, பகல் 1:20
இன்று தட்டு வைக்க மறந்துவிட்டேன். அவளே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். பொருந்திவிட்டது.

கரடி எங்கே தேடும் என்று கேட்டேன். சிவப்புப் பெட்டியில் என்றாள். கரடி பார்க்கவில்லையாம், பாவமாம். தேறிவிட்டாள்! கைதட்டினேன். அப்புறம் அழுகை வந்தது, குளியலறைக்குப் போய்விட்டேன்.

நாள் 213, காலை 10:05
அறவாழியின் அலைவரிசையில் குரல் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். பேசியது நிறைமதி. அப்படியே பதிகிறேன்:

“அப்பா, நீங்க கோபுரத்துக்கிட்ட விழுந்து கெடக்கீங்க. நான் திரைய வெலக்கிப் பாத்துட்டேன். அம்மா பாக்கல. நீங்க வருவீங்கன்னு நெனச்சுத் தட்டு வெக்கறாங்க. நான் சொல்லமாட்டேன்ப்பா. சொன்னா அழுவாங்க.”

நாள் 216, பகல்
காற்று தீரப்போகிறது. தலை பாரம். கை சொன்னபடி கேட்கவில்லை.

நாளைக்குக் கப்பல் வந்துவிடும் என்று அவளிடம் சொன்னேன். என் கன்னத்தைத் தடவிக்கொண்டே, “வரும்மா, கண்டிப்பா வரும்” என்றாள்.

குழந்தைகளின் மனசைப் படிப்பதுதான் என் தொழில். நம்பிச் சொன்னாளா, எனக்காகச் சொன்னாளா, தெரியவில்லை.

மூன்று தட்டு வைத்துவிட்டுக் கூப்பிடுகிறாள். சிரித்த முகமாகப் போக வேண்டும். அவள் பார்த்துக்கொண்டே