சொன்னது நிற்கும் பாறைக்கு ஒரு நாள் சுற்றுலா

18 ஆகஸ்ட் 2025, திங்கள்

இன்று முதல் இந்த டைரியில் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்று இதனால் சகலருக்கும் உறுதி கூறுகிறேன். எழுதுகிற எனக்கே நம்பிக்கை கம்மி. ஆனாலும் சரித்திரம் என்று ஒன்று வாய் பிளந்து காத்திருக்கிறதே, அதற்கு யாராவது தீனி போட வேண்டாமா?

டேனரியில் சூப்பர்வைசராக இருந்து, ஆடு மாடுகளின் பரம்பரையே என் பேர் கேட்டால் நடுங்கும் அளவுக்குத் தோல் பார்த்து ஓய்வுபெற்ற சம்பத் ஆகிய நான், இன்று பூங்குழலி டிராவல்ஸின் அகில உலக விற்பனைத் தலைவராகப் பதவியேற்றேன். நிறுவனத்தின் சொத்து: ஒரு வேன், ஒரு மேஜை, நான். தலைமையகம் ஆம்பூர் பைபாஸில் ஜஹீருன்னிசாவின் ஜெராக்ஸ் கடையில் ஒரு ஓரம். அவள் மிஷின் ஓடும்போது என் மேஜையும் சேர்ந்து ஆடும்.

பூங்குழலி என் தங்கை மகள். சென்னையில் ஷூ ஏற்றுமதி ஆபீஸில் ஏசியில் உட்கார்ந்திருந்தவள், அதை உதறிவிட்டு வந்து வேன் ஓட்டுகிறாள். வேன் அவள் அப்பா மதியழகன் மாப்பிள்ளையுடையது. பதவியேற்பு விழாவுக்கு வந்தவர் வாழ்த்தவில்லை. தீர்ப்பு வழங்கினார்.

"ஆயுத பூஜைக்குள்ள ஒரு தரமாவது வண்டி ரொம்பி ஓடணும். இல்லன்னா ஷூ கம்பெனிக்கு ஸ்டாஃப் வண்டியா விட்டுடுவேன். நீ மெட்ராஸ் வேலைக்கே போய்டு."

பூங்குழலி ஏற்கெனவே துடைத்த வேன் கண்ணாடியை மறுபடியும் துடைத்தாள்.

21 ஆகஸ்ட், வியாழன்

ஏலகிரியை விற்க முடியாது. எங்கள் ஊர் நாய்கூட இரண்டு தடவை போய் வந்துவிட்டது. ஆகவே ஜவ்வாது மலை. இடத்தைப் பார்வையிடப் போனோம்.

மலை மேலே சம்பூர்ணம் என்று ஒரு அம்மா டீக்கடை வைத்திருக்கிறாள். கடைக்குப் பின்னால் ஒரு பாறை. யானை மாதிரியும் இல்லை, லிங்கம் மாதிரியும் இல்லை. அவ்வளவு சாதாரணமான பாறையை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. அங்கேயே கண்ணை மூடி அதற்குப் பேர் வைத்தேன்: சொன்னது நிற்கும் பாறை. இதனிடம் மனசில் உள்ளதைச் சொன்னால் ஒரு வாரம் அப்படியே நிற்கும். உரியவர் வந்து காது வைத்தால் கேட்கும். அரசர்கள் படையெடுத்துப் போகும்போது ராணிகளுக்குச் சேதி வைத்துவிட்டுப் போன இடம்.

"எந்த ராஜா?" என்று பூங்குழலி கேட்டாள். சில்லறை விவரம்.

"நான் அதும்மேல துணி காயப் போடுவேன்" என்றாள் சம்பூர்ணம்.

26 ஆகஸ்ட், செவ்வாய்

பயணிகளை வகை பிரித்து விற்க வேண்டும் என்று பூங்குழலி சொல்கிறாள். தோலையே எத்தனையோ தரமாகப் பிரித்தவன் நான். மனிதன் எம்மாத்திரம்.

முதல் வகை, ஜோலார்பேட்டை ரயில்வே ஓய்வூதியர்கள். 'இந்தியாவைச் சுற்றிய கால்களுக்கு இளைப்பாற ஒரு மலை' என்று நோட்டீஸ் அடித்தேன். நான்கு பேர் வந்தார்கள். மலைக்கு எந்த வண்டி என்றார்கள். வேன் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. தண்டவாளம் போகாத இடத்தை அவர்கள் ஊர் என்று ஒத்துக்கொள்வதில்லை. நம் செலவில் டீ குடித்துவிட்டு, எந்த எக்ஸ்பிரஸ் எந்த வருஷம் எங்கே நின்றது என்று பாடம் நடத்திவிட்டுப் போனார்கள்.

29 ஆகஸ்ட், வெள்ளி

இரண்டாம் வகை, காட்பாடி யுனிவர்சிட்டிப் பிள்ளைகள். 'உயிரைப் பணயம் வைக்கும் சாகசப் பயணம்!' நோட்டீஸின் பின்பக்கம் மலைக்கு வழியை அழகாக வரைந்திருந்தேன். எல்லோரும் என் கை ஓவியத்தை மெச்சினார்கள். அதைப் பார்த்துக்கொண்டே அவரவர் பைக்கில் போய்விட்டார்கள்.

1 செப்டம்பர், திங்கள்

மூன்றாம் வகை. வேலூரில் வைத்தியத்துக்கு வந்து, லாட்ஜில் வாரக்கணக்கில் காத்துக்கிடக்கும் வடக்கத்தி ஜனங்கள். நோயாளிக்கு ஆஸ்பத்திரி, கூட வந்தவருக்கு என்ன இருக்கிறது? டேனரியில் கற்ற என் உருதுவைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு போனேன். ஒரு பெரியவரைப் பிடித்து, குளிர்ந்த காற்று, மேகம் காலுக்குக் கீழே, இப்படி ஒரு மலையை நீங்கள் கனவிலும் கண்டிருக்க மாட்டீர்கள் என்று வர்ணித்தேன். பொறுமையாகக் கேட்டார். எந்த ஊர் என்று விசாரித்தேன்.

டார்ஜிலிங்.

4 செப்டம்பர், வியாழன்

மாப்பிள்ளை வேனை அளந்து பார்த்துவிட்டுப் போனார். ஷூ கம்பெனி பேர் எழுத எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்கிறாராம். பூங்குழலி மதியம் சாப்பிடவில்லை. ஜஹீருன்னிசா தன் டப்பாவைத் திறந்து அவள் பக்கம் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உள்ளூர்ல ஆளே இல்லையாண்ணே? டார்ஜிலிங்காரருகிட்ட மலை விக்கப் போய்ட்டீங்க."

பெண் புத்தி என்று அலட்சியம் செய்தேன். பிறகு அது என் சொந்த யோசனையாகிவிட்டது.

8 செப்டம்பர், திங்கள்

வெற்றி! ஆம்பூர் பைபாஸில் எட்டு நாட்டு மன்னர்கள் பல்லக்கோடு வரிசையில் நிற்கிறார்கள்! சரி, எட்டுத் தம்பதிகள். பதினாறு சீட்டும் போய்விட்டது. ஷூ கம்பெனி வாசலிலும் டேனரி வாசலிலும் கொடுத்த நோட்டீஸ் இதுதான்: 'கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு நாள்! வரும் லீவு நாளன்று காலை ஆறு மணிக்கு வண்டி கிளம்பும்.' என்ன சுருக்கம், என்ன தெளிவு.

பூங்குழலி சிரித்ததைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

11 செப்டம்பர், வியாழன்

என்னைத் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் போட்டு மூடுங்கள்.

எங்கள் டேனரிக்கு லீவு வெள்ளிக்கிழமை. எதிரே ஷூ கம்பெனிக்கு ஞாயிற்றுக்கிழமை. எட்டு வீட்டிலும் புருஷன் டேனரி, பெண்டாட்டி ஷூ கம்பெனி. என் வீடே அப்படித்தான். செண்பகம் இன்னும் அங்கே பேக்கிங்கில்தான் இருக்கிறாள். முப்பது வருஷம் ஒரே கூரையின் கீழே இருந்து அவ்வப்போது சந்தித்துக்கொண்டோம். எங்கள் ஒற்றுமையின் ரகசியம் அதுதான் என்று கல்யாண வீடுகளில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் 'லீவு நாள்' என்று அச்சடித்தேன்! என் மண்டையில் லீவு என்றால் வெள்ளிதான். நோட்டீஸைப் படித்த பெண்களுக்கு ஞாயிறு.

சாயங்காலம் எட்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் சண்டை. போன் சுட்டுவிட்டது. தையல் செக்‌ஷன் மெர்சிதான் முதலில்.

"ஞாயித்துக்கெழம வர்றதுக்கு அவரு லீவு போட்டாருன்னு நெனச்சேண்ணே. எனக்காக லீவு போட்ருக்காருன்னு செக்‌ஷன் பூரா சொல்லிட்டேன்."

அடுத்தது அவள் வீட்டுக்காரன் ஆரோக்கியசாமி, டேனரியில் தோல் சுழற்றும் டிரம் ஓட்டுகிறவன், இப்போது நைட் ஷிஃப்ட். வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற ஆள். "அவ லீவு போட்டான்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

பூங்குழலி ஸ்டியரிங்மேல் தலை வைத்து உட்கார்ந்திருந்தாள். "மாமா, எல்லாரும் வேணான்னுட்டா? அப்பாகிட்ட இன்னான்னு சொல்றது?" என்றாள். நான் விற்பனைத் தலைவன் அல்லவா? எட்டு வீட்டுக்கும் போன் போட்டேன். நாளைக்கு ஆண்கள், ஞாயிறு பெண்கள். அதே சீட்டு, அதே மலை. ஆண்கள் பாறையிடம் சொல்லி வைப்பது பெண்களுக்குக் கேட்கும். எங்கள் நிறுவனத்தின் புதிய ஏற்பாடு. திட்டமிட்டே செய்தது.

12 செப்டம்பர், வெள்ளி

பாதி வேன். எட்டு ஆண்கள், எட்டு உம்மென்ற முகங்கள். ஆரோக்கியசாமி ஷிஃப்ட் முடிந்து நேராக ஏறினான். வளைவுகளில் பூங்குழலி ஓட்டிய அழகில், கடவுள் நம்பிக்கை இல்லாத இருவர் வழியிலேயே மனம் மாறினார்கள். மேலே இறங்கியதும் ஒருவன் மூக்கைத் தடவினான். "இன்னாண்ணே, ஒரு வாசனையும் தெரியல. சளி புடிச்சிக்கிச்சா?" சளி இல்லையப்பா, இதற்குப் பேர் காற்று என்று விளக்கினேன். நம்பவில்லை.

பாறையின் மகிமையைச் சொன்னேன். ராணிகள் இன்று நூறாகிவிட்டார்கள். கேட்டுக்கொண்டு எல்லோரும் டீக்குப் போனார்கள்.

நான் பாறைக்குப் பின்னால் எதற்குப் போனேன் என்பது சரித்திரத்துக்கு வேண்டாத விஷயம். போன இடத்தில் பேச்சுக்குரல். எட்டிப் பார்த்தால் ஆரோக்கியசாமி. பாறைக்கு முன்னால், முதலாளியிடம் லீவு கேட்பவன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

"மெர்சி, இனிமே அந்த முட்டைய நீயே துன்னு. நீ எனக்கு மூடி வெக்கிற, நான் உனக்கு மூடி வெக்கிறேன். தட்டுக்குத் தட்டு போய்ட்டு வந்து அது நேத்து ஊசிப்போச்சி. தூக்கிப் போட்டுட்டேன். நேர்ல சொல்லலாம்னா நீ தூங்கினு இருக்க."

அப்புறம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு டீக்குப் போனான்.

எனக்கு வந்த வேலை மறந்துபோயிற்று.

13 செப்டம்பர், சனி

மாப்பிள்ளை சொல்கிறார்: ரெண்டு தரம் பாதி ஓடினா முழுசு ஆகாது. கணக்கில் புலி.

14 செப்டம்பர், ஞாயிறு

பெண்கள். மெர்சி சர்ச்சில் விடிகாலைப் பூசை முடித்து ஓடிவந்து ஏறினாள். வண்டி கிளம்பியதிலிருந்து சிரிப்பு, புளிச்சோறு, சூப்பர்வைசர்களைப் பற்றிய தகாத பேச்சு. பாறையைப் பார்த்ததும் எட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சம்பூர்ணத்தின் புடவை அதன்மேல் காய்ந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, மெர்சி புடவையை ஒதுக்கிவிட்டுக் காதை வைத்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் வெட்கம் வந்துவிட்டது.

"ஒண்ணும் கேக்கலையே அண்ணே."

பேர் வைத்தவனும் நான்தான், விட்ட புளுகும் என்னுடையது. என்ன செய்வேன்? கேட்டதைச் சொன்னேன், அவர் பேசினார் என்று. அவள் சிரித்தாள். "எங்க வீட்டுக்காரரா? வாயத் தொறந்தா? அண்ணே, பீலா வுடறதுக்கும் ஒரு அளவு இருக்குது."

ஐம்பத்தொன்பது வயதில் முதல் முறையாக நிஜம் சொல்கிறேன், நம்ப ஆள் இல்லை! இவ்வளவு காலம் உழைத்துச் சேர்த்த பேர் அப்படி.

"முட்டை" என்றேன்.

சிரிப்பு நின்றது. மிச்சத்தையும் சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை. ஊசிப்போனதையும் விடவில்லை. அவள் மலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "நீங்க டீக்கடைக்குப் போங்கண்ணே. நான் இந்தப் பாறைகிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

போனேன். நிஜமாகவே போனேன்.

விஷயம் பரவி மற்ற ஏழு பேரும் சூழ்ந்துகொண்டார்கள். எங்களவர் என்ன சொன்னார், எங்களவர் என்ன சொன்னார்? ஆளுக்கொரு காவியம் பாட எனக்கா தெரியாது? நாக்கு எழவில்லை. டீக்கு சர்க்கரை கம்மி என்றுதான் சொன்னார்கள் என்றேன். ஏழு பேரும் உடனே நம்பினார்கள்.

17 செப்டம்பர், புதன்

ஷூ கம்பெனி தையல் செக்‌ஷனில் முட்டைக் கதை ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் நான் குதிரையில் வருகிறேனாம். எப்படி என்று தெரியவில்லை. பூங்குழலிக்கு விடாமல் போன். ரெண்டு பேரும் சேர்ந்து போற மாதிரி ஒரு நாள் கிடையாதா என்கிறார்கள்.

"மாமா, காந்தி ஜெயந்திக்கு ரெண்டு பக்கமும் லீவு. நாம யார் யாரையோ வகை பிரிச்சோம். லீவு ஒத்து வராதவங்கன்னு ஒரு வகை வீட்லயே இருந்திருக்குது."

நோட்டீஸ் அவளே எழுதினாள். தேதி, கிழமை இரண்டையும் கொட்டை எழுத்தில் போட்டாள். என் பங்களிப்பு: ஜெராக்ஸ் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தது.

22 செப்டம்பர், திங்கள்

ரொம்பிவிட்டது. நிஜமாக.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. கெடு இன்றோடு முடிகிறது, வண்டி ரொம்பி ஓடுவதோ நாளைக்கு. மாப்பிள்ளை வேனைக் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டு, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். பக்கவாட்டில் 'பூங்குழலி டிராவல்ஸ்' என்ற எழுத்தின்மேல் பட்டிருந்த சந்தனத்தை அவரே துடைத்துவிட்டார். ஷூ கம்பெனி பேர் எழுதும் பெயிண்டர் வரவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

அப்புறம் தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, நாளைக்கு ரெண்டு சீட்டு இருக்குமா, உங்க தங்கச்சி கேக்கறா என்றார். இல்லை என்றாள் பூங்குழலி. அகில உலகிலும் இடமில்லை என்றேன் நான். அவரே அலைந்து இன்னொரு வேன் பிடித்து வந்தார்.

2 அக்டோபர், வியாழன்

இரண்டு வேன். எல்லாம் ஜோடி ஜோடியாக. பூங்குழலி முன்னால் ஓட்டினாள், மாப்பிள்ளை பின்னாலேயே வந்தார். பாறையை ஒருவரும் சீண்டவில்லை. சம்பூர்ணம் நிம்மதியாகத் துணி காயப்போட்டாள்.

ஆரோக்கியசாமியும் மெர்சியும் தனியாக ஒரு கல்மேல் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தார்கள். அவள் ஒரு அவித்த முட்டையை எடுத்து, முந்தானையிலிருந்து உருவிய நூலால் பாதியாக அறுத்தாள். ஆளுக்குப் பாதி தின்றார்கள்.

செண்பகம் என் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் சொல்லி வெக்கலையா அந்தப் பாறைல?" என்றாள். ஏழு உலகமும் வியக்கும் ஒரு பதில் என்னிடம் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன்.

படிக்கிறவர்களுக்கு: ராஜா இல்லை, ராணி இல்லை, பைபாஸில் பல்லக்கு வரவில்லை, பாறைக்குக் காதும் கிடையாது. அந்த முட்டை மட்டும் நிஜம்.