முதலாளியின் வாளி

மச்சாள்,

இன்று காலை உங்கள் பெயின்ட் வாளியைத் திறந்தேன். மூடியைக் கிளப்பியதும் பூச்சி உருண்டை மணம் மூக்கில் அடித்தது. நீங்களே வந்து முன்னால் நின்றதுபோல இருந்தது. அந்த மணத்தோடுதானே கல்யாண வீட்டுக்கும் வருவீர்கள். சிரிக்கப் பார்த்தேன். இப்போதெல்லாம் எனக்குச் சிரிக்கிறதுக்கும் உடம்பில் பலம் வேண்டியிருக்கிறது.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தாலும் உங்களுக்குத் தெரியவா போகிறது? நீங்கள் மூன்றாம் வகுப்பு.

ரேடியோவில் தாழமுக்கம், புயல் என்ற சொல் வந்தாலே போதும், வாளியைத் தூக்கிவிடுவீர்கள். காணி உறுதிப் பத்திரம், பிறப்புப் பத்திரம், கல்யாணப் படம், ஒரு பிஸ்கட் பக்கெற், எல்லாவற்றுக்கும் மேலே அந்த உருண்டைகள். வெளியே வெயில் எறிக்கும். கடல் பாய் விரித்ததுபோலக் கிடக்கும். நீங்கள் புயலுக்கு ஊர் ஒதுங்குகிற பள்ளிக்கூடத்துக்குப் போய், பூட்டிய கேற்றடியில் காவலாளி திறப்பு கொண்டு வரும் வரைக்கும் தனியே நிற்பீர்கள். ஊரிலேயே முதல் ஆள். நான் வேலிக்கு மேலால் கத்துவேன்: "முதலாளி வெளிக்கிட்டிட்டா! எல்லாரும் வழி விடுங்கோ!"

அந்தப் பட்டம் நிலாவெளி வரைக்கும் போனது. மீன் எடுக்க வருகிற வியாபாரிகூட, "முதலாளியம்மா, இண்டைக்குக் காத்து எப்பிடி?" என்று கேட்பான். நீங்கள் கோபித்ததில்லை. "சிரி, சிரி. தண்ணி வந்தா உன்ர பல்லுத்தான் முதல்ல நனையும்" என்பீர்கள்.

என்னிடமும் பதில் இருந்தது. "அது இந்தியாவுக்குப் போற பஸ் மச்சாள். எங்கட ஹோல்ட்டில நிக்காது."

பல தடவை அப்படித்தான் நடந்தது. புயல் வடக்கே திரும்பிவிடும். நீங்கள் வாளியோடு வீட்டுக்குத் திரும்புவீர்கள். நான் தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு காத்திருப்பேன், பகிடி பண்ண.

கடைசி முறை நீங்கள் வெளிக்கிடவில்லை. விடிந்த கையோடு அறிவித்தல் வந்துவிட்டது. எனக்குப் பயமில்லை என்று ஊருக்குக் காட்டுவதற்காக நான் குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். வாளியோடு வந்து வாசலில் நின்றீர்கள்.

"நீ முதல்ல போ. நான் பின்னால வாறன்."

"ஏன், முதலாளி வேலையை விட்டாச்சோ?"

"ஓம். எத்தினை வருசத்துக்கு ஊர் சிரிக்கிறது? இனி ஏலாது பிள்ளை."

நான் மீனைப் பொரித்து முடித்தேன். நீங்கள் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். ஆளுக்கொரு மீன் தின்றோம். அதற்குள் றோட்டில் தண்ணீர் ஏறிவிட்டது. காற்று தகரங்களைக் கழற்றி எறிய, நெஞ்சளவு தண்ணீரில் கைகோத்துப் போனோம். வாளி என் தலையில். நான் உயரம் என்று நீங்கள்தான் தந்தீர்கள். பள்ளிக்கூடத்தில் ஈரச் சீலையோடு இரண்டு நாள். பிறகு காய்ச்சல், சளி, ஆஸ்பத்திரி. எட்டாம் நாள் போய்விட்டீர்கள்.

யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. என் மனுசனும் சொல்லவில்லை. தன் அக்காவுக்காக அழுதாரே தவிர, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு அவர் தோணியை இழுத்துக் கட்டக் கரைக்குப் போயிருந்தார்; அந்த மீன் கதை அவருக்குத் தெரியாது. உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்.

இப்போது கிராம சேவகர் பட்டியல் எடுக்கிறார். கரையை விட்டுப் போக விரும்புகிறவர்களுக்கு உள்ளுக்கு, காட்டுப் பக்கம் காணியாம். வீட்டில் தினமும் இதே கதைதான். "அங்க போய் வலையை மரத்திலயோ வீசுறது?" என்கிறார் உங்கள் தம்பி. "இங்க காத்து, அங்க யானை. யானை வரப்போகுதெண்டு ரேடியோவில சொல்லமாட்டாங்கள்." அவர் சொல்வதும் சரிதான். ஆனால் எனக்கு அலுத்துவிட்டது மச்சாள். பயம்கூட இல்லை, அலுப்பு. மூன்று முறை கூரை போட்டாயிற்று. மெத்தையைக் காயப்போட்டுக் காயப்போட்டு அது மெத்தை என்பதையே மறந்துவிட்டது. ஒவ்வொரு கார்த்திகையும் வானத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து நோகிறது.

பதிவதற்கு உறுதியும் அடையாள அட்டைப் பிரதியும் வேண்டுமாம். எங்களுடையவை அலுமாரியோடு வெள்ளத்தில் போய்விட்டன. உங்கள் உறுதியையாவது காட்டலாம் என்றுதான், இத்தனை நாள் தொடாத வாளியை இன்று திறந்தேன். உங்கள் உறுதிக்கு அடியில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் எங்கள் உறுதியின் பிரதி, என் அடையாள அட்டைப் பிரதி, உங்கள் தம்பியுடையதும். எப்போதோ போட்டோக்கொப்பி எடுத்துத் தரச் சொல்லி உங்களிடம் தந்தவை. இரண்டு இரண்டாக எடுத்திருக்கிறீர்கள். நான் சிரித்துக்கொண்டிருந்த வருசமெல்லாம் என்னையும் சுமந்துகொண்டுதான் அந்தக் கேற்றடியில் நின்றிருக்கிறீர்கள்.

வாளியோடு, பெயர் பதிகிற மண்டபத்துக்குப் போனேன். ஊரே இருந்தது. "முதல்ல ஆர் வாறது?" என்று கிராம சேவகர் கேட்டார். எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். முதலில் எழும்பினால் சிரிப்பார்கள் என்ற பயம். அதை ஊருக்குப் பழக்கியவள் நான்தானே. எழும்பிப் போனேன்.

"எங்கட பேரை எழுதுங்கோ. மனுசனோட நான் கதைக்கிறன்."

பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்: "ஓய், புது முதலாளி!"

மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் இரண்டு மூன்று கதிரைகள் இழுபடுகிற சத்தமும் கேட்டது.

உங்கள் தம்பி வலையோடு முற்றத்தில் இருக்கிறார். என்னோடு கதை இல்லை. போவோமா, இங்கேயே கிடப்போமா, எனக்கே தெரியாது. வாளியைத் திரும்ப அடுக்கிக் கட்டிலடியில் வைத்திருக்கிறேன். எங்கள் பை மேலே, உங்கள் உறுதி அடியில்.

இனி நீங்கள் அடியில் இருங்கள் மச்சாள். தூக்குகிறது நான்.