மாட்டை அவிழ்க்கச் சொன்னவர்

அன்புள்ள உங்களுக்கு,

நானும் மகளும் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா? போன கடிதத்தில், புயலில் தொழுவத்துக் கூரை மட்டும்தான் போயிற்று என்று எழுதியிருந்தேன். அது முழு உண்மை இல்லை.

அன்று மக்காச்சோளக் கதிர் பாதிதான் ஒடித்திருந்தோம். இலை உதிரும் காலத்துக் காற்றுதானே என்று அலட்சியமாக இருந்தேன். மத்தியானம் உங்கள் தம்பி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். எல்லைத் தகராறுக்குப் பிறகு மூன்று வருஷமாகப் பேசாத மனிதர், "அண்ணி, காத்து திசை மாறுது. தொழுவம் தாங்காது. மாட்டை அவிழ்த்து மேட்டுல விடுங்க" என்றார். நான் காதில் விழாத மாதிரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நீங்கள் பேசக்கூடாது என்றது ஒரு சாக்கு. வீம்பு என்னுடையது.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தகரம் கிழிகிற சத்தம் கேட்டு ஓடினேன். இரண்டு மாடுகளை அவிழ்த்துவிட்டேன். செவலையின் முடிச்சில் கை வைத்தபோது உத்தரம் சரிந்தது, நான் அதற்கடியில். வேலியைத் தாண்டி அவர்தான் வந்தார். உத்தரத்தைத் தோள்கொடுத்துத் தூக்கி, "ஊர்ந்து வாங்க அண்ணி, சீக்கிரம்" என்று கத்தினார். நான் வெளியே வந்துவிட்டேன். அவர் கையை எடுப்பதற்குள் அது மறுபடி இறங்கிவிட்டது. வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். செவலை பிழைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் மனைவி அழுதுகொண்டே, "வானத்தைப் பார்த்தே மழை சொல்ற மனுஷன், இவங்ககிட்ட ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்க்காமல், "எனக்கே தெரியல, திடீர்னு அடிச்சிடுச்சு" என்றார். அவளோ என் கையைப் பிடித்து, நீங்க பிழைச்சீங்களே அக்கா, அது போதும் என்றாள்.

தினமும் பால் கறந்து கொண்டுபோய் வைக்கிறேன். இடது கையால் சட்டைப் பொத்தான் போடப் பழகிக்கொண்டிருக்கிறார். இன்று, அண்ணன் கடுதாசி போட்டாரா என்று கேட்டார். போட்டார், உங்களைத்தான் முதலில் விசாரித்திருந்தார் என்று சொல்லிவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாளைக் காலை அவளிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். அது என் பாடு. உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: நான் அவரிடம் சொன்ன பொய்யை மெய்யாக்குங்கள். நிறைய எழுத வேண்டாம். "தம்பி" என்று ஆரம்பியுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும்
உங்களவள்