லைத்துக்காக ஒரு வார்த்தை

அஜ்லூன்
4 ஏப்ரல் 1996

ஏன்டி ரனீம், அதுல அப்படி என்னதான் தப்பு, நீயே சொல்லு? உங்க மருந்துக் கம்பெனிக்கு ஆள் வேணும், வேலை பார்க்கிறவங்களே தெரிஞ்ச ஆளைச் சொல்லலாம்னு நீதானே இங்க வந்து சொன்னே! அப்புறம் உன் தம்பி, என் மகன் லைத் பேரைச் சொல்ல வாய் வலிக்குதா? சும்மாவே இருக்கான்டி. பஸ்காரர்கிட்ட ஒலிவ ஊறுகாய் குடுத்துவிட்டிருக்கேன். தின்னுட்டு நல்ல பதில் எழுது. அல்லா உன்னை நல்லா வைக்கட்டும்.

உன் பெரியம்மா
கௌலா

அம்மான்
7 ஏப்ரல் 1996

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

ஊறுகாய் வந்தது. என் அறைத்தோழிகள் எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

கோபப்படாதீர்கள். இங்கே ஒருவரைச் சேர்த்துவிட்டால் அவருக்கு நாம்தான் பொறுப்பு. என்னோடு வேலை பார்க்கும் ஸுஹா சேர்த்துவிட்ட பையன் ஒரே வாரத்தில் ஓடிப்போனான். அதிலிருந்து அவள் யாரைச் சொன்னாலும் மேனேஜர் காதில் வாங்குவதில்லை. எனக்கோ வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. லைத் என்றால் எனக்கு உயிர். ஆனால் பேக்கரியிலும் காரேஜிலும் காலையில் நேரத்துக்குப் போகாமல்தானே வேலையை விட்டான்? என்னால் முடியாது, பெரியம்மா.

உங்கள்
ரனீம்

அஜ்லூன்
14 ஏப்ரல் 1996

எங்க ரனீமுக்கு,

கோபம் இருந்துச்சுடி, மறைக்க மாட்டேன். உன்கிட்ட கேட்டாத்தானே வம்புன்னு, உங்க மேனேஜர் அபூ நிஸார் வீட்டுக்கே பெரியவங்களைக் கூட்டிட்டுப் போயிட்டேன். இமாம், ஊர்த்தலைவர் முக்தார், உன் பெரியப்பா எல்லாரும் கூடத்துல. நான் பொம்பளைங்க ரூம்ல. காப்பி வந்துச்சு. யாரும் தொடல. பொண்ணு கேட்கப் போற மாதிரி, அவர் சம்மதம் சொன்னாத்தானே குடிக்கிறது! மனுஷன் பதறிட்டார்.

"பொண்ணு கேட்டா வந்திருக்கீங்க? என் மகளுக்கு ஏழு வயசுங்க!"

"வேலை கேட்டு வந்திருக்கோம்"னார் முக்தார்.

அவருக்குச் சிரிப்பு தாங்கல. அப்புறம் எங்க கதவுப் பக்கம் திரும்பி, "உம்மு லைத், அல்லா சாட்சியாச் சொல்லுங்க. காலையில ஏழு மணிக்கு உங்க பையன் வந்து நிப்பானா?"ன்னார்.

அல்லா பேரைச் சொல்லிக் கேட்டப்புறம் பொய் சொல்ல முடியுமாடி? "மத்தியானம் லுஹர் பாங்குக்கு முன்னாடி எந்திரிக்கவே மாட்டான்"னுட்டேன்.

உன் பெரியப்பா தலையில அடிச்சுக்கிட்டார். "இதைச் சொல்லவா எங்களை அம்மான் வரைக்கும் இழுத்துட்டு வந்தே?"ன்னு முக்தார் கத்தறார்.

அபூ நிஸார் மட்டும், "ராத்திரி முழிச்சிருப்பானா?"ன்னு கேட்டார்.

"விடிய விடிய! ரேடியோவைப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டுவான். ஃபஜ்ர் தொழுதுட்டுத்தான் படுப்பான்."

"அப்ப எல்லாரும் காப்பியைக் குடிங்க. ராத்திரி ஷிப்டுக்குத்தான் ஆளே நிக்க மாட்டேங்குது."

அல்ஹம்துலில்லாஹ்! ஆறிப்போன காப்பிதான், ஆனா அமிர்தமா இருந்துச்சு. நாளைக்கு உன் தம்பி சேர்றான். ஒரு வேளைச் சோறாவது போடு.

உன் பெரியம்மா
கௌலா

அட, முக்கியமானதை விட்டுட்டேனே. சேர்த்துவிட்டது யாருன்னு எழுதணும்னு கேட்டார். நீ எனக்கு யாருன்னு நான் மூச்சே விடல. என் பேரைத்தான் எழுதிக்கிட்டார்.