காகிதத்தில் விழுந்த நிழலும் வாயிலோர இலந்தை மரமும்

அனுப்புநர்:
லஃப்தா முஹைசின்,
தோட்டப் பணியாளர் (பத்தொன்பது ஆண்டுகள்),
பல்கலைக்கழக வளாகம், பஸ்ரா.

பெறுநர்:
பல்கலைக்கழகத் தலைவர் அவர்கள்,
பஸ்ரா.

பொருள்: வளாகப் பசுமைத் திட்டத்தில் நிழல் தப்பாக வரையப்பட்டது – இலந்தை மரத்தை வெட்டும் உத்தரவை நிறுத்தக் கோருவது.

மரியாதைக்குரிய ஐயா,

1. புதிய திட்டத்தின் வண்ணப்படம் தங்கள் அறைச் சுவரில்தான் தொங்குகிறது. கிட்டே போய்ப் பாருங்கள். படம் அழகாயிருக்கட்டும் என்று பொறியாளர் மைஸம் அவர்கள் மரத்துக்கு மரம் கீழ்ப்பக்கமாகக் கறுப்பு மை தீட்டி நிழல் போட்டிருக்கிறார். அந்த மையின் மேலேயே பன்னிரண்டு இரும்பு இருக்கைகளையும் போட்டுவிட்டார். படத்தில் கீழ்ப்பக்கம் என்பது தெற்கு. நம் ஊரில் நண்பகல் நிழல் வடக்கே விழும். வளாகத்துப் பூனைகள்கூட வடக்கேதான் படுத்திருக்கின்றன. அவை படம் பார்ப்பதில்லை.

2. இருக்கைகளுக்குக் குழி தோண்டிய அன்றே இதைச் சொன்னேன். எல்லார் முன்னாலும் அவர் சொன்னது: "லஃப்தா மாமா, உங்களுக்குச் செடிக்குத் தண்ணி ஊத்தத் தெரியும். வரைபடத்துல வாய வைக்காதீங்க."

நான் சொன்னது: "சரி தம்பி. படத்த சூரியன்கிட்ட காட்டிட்டு வாங்க. அது ஒத்துக்கிட்டா நானும் ஒத்துக்கிறேன்."

சிரித்தார்கள். இருக்கை தெற்கேயே நின்றது.

3. சென்ற செவ்வாய் பன்னிரண்டரை மணிக்கு, தேர்வு முடிந்து வந்த ஹவ்ரா என்ற மாணவி நான்காம் இருக்கையில் உட்கார்ந்து மயங்கி விழுந்தாள். இரும்பில் பட்ட கை கொப்புளமாகிவிட்டது. தூக்கிக்கொண்டு போய் வாயிலோர இலந்தை மரத்தடியில் படுக்கவைத்துத் தண்ணீர் தெளித்தோம். கண் திறந்தாள்.

4. அந்த மரத்தைத்தான் வியாழனன்று வெட்டச் சொல்லி என் கையில் தாள் கொடுத்திருக்கிறார்கள். நீரூற்று வருகிறதாம். நிழலுக்குத்தான் பன்னிரண்டு இருக்கை இருக்கிறதே என்று காரணமும் எழுதியிருக்கிறார்கள். குர்னா ஊருக்குச் சிற்றுந்து ஏறும் அறுபது, எழுபது பெண்பிள்ளைகள் தினமும் நிற்பது அங்கேதான். அவர்களை மைக்கு அடியில் நிற்கச் சொல்வதா? இலந்தையை வெட்டினால் வெட்டியவன் குடும்பத்துக்குக் கேடு வரும் என்று இந்த ஊரில் ஒருவனும் கை வைக்கமாட்டான் என்பது தங்களுக்கும் தெரியும். நானும் மாட்டேன். என்மேல் நடவடிக்கை எடுத்தாலும் சரி.

ஆகவே ஐயா, உத்தரவைத் தடுத்து, இருக்கைகளை வடக்கே மாற்றித் தர வேண்டுகிறேன். முடிவெடுக்கும் முன், புதன்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்குப் பொறியாளரோடு வந்து நான்காம் இருக்கையில் அமருங்கள். தேநீர் நான் கொண்டுவருகிறேன். ஒரு கோப்பை குடித்து முடிக்கும்வரை நீங்கள் இருவரும் எழுந்திருக்காவிட்டால், ரம்பத்தை நானே எடுக்கிறேன்.

இடம்: பஸ்ரா
நாள்: 12 ஜூன் 2023, திங்கள்

தங்கள் பணியாளன்,
லஃப்தா முஹைசின்